ஓவெர்ன் மலைநாட்டில் சீஸ், பருப்பு, கத்தி, லேஸ்: வாங்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சின் நடுப்பகுதியில், அணைந்துபோன எரிமலைகளின் மேல் புல் படர்ந்து கிடக்கும் மலைநாடு ஓவெர்ன். 2016 ஜனவரி முதல் நிர்வாகக் கணக்கில் இது ஓவெர்ன்-ரோன்-ஆல்ப் என்ற பெரிய மண்டலத்துக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் சந்தையில் நிற்கும் விவசாயியைக் கேட்டால், தாம் ஓவெர்ன்காரர் என்றுதான் சொல்வார். பாரிஸிலோ லண்டனிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று நாள் இந்தப் பக்கம் போய்வர நினைக்கும்போது என்ன வாங்கலாம், எதை நம்பலாம், எப்படி எடுத்துச் செல்லலாம் என்று கேட்பதுண்டு. அப்படி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

வாங்குவதற்கென்றே ஓவெர்னுக்குப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

சான்-நெக்தேர், காந்தால், சலேர்ஸ், ஃபூர்ம் தாம்பேர், புளூ தோவெர்ன் என ஐந்து சீஸ்கள் இங்கே ஆ.ஓ.பே. சான்று பெற்றவை. நம் ஊர்ப் புவிசார் குறியீட்டைப் போன்ற சான்றுதான் இது. ஆனால் எந்த ஊரில் செய்தது என்பதோடு நில்லாமல், மாடு என்ன மேய வேண்டும், பாலை எப்படிக் கையாள வேண்டும், எத்தனை நாள் பக்குவப்படுத்த வேண்டும் என்பது வரை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். சீஸைத் தவிர, கிழக்கே தியேர் நகரில் கத்தி, தென்கிழக்கே லெ புய்-ஆன்-வெலேயில் பருப்பும் லேஸும், தென்மேற்கே ஓரியாக்கில் குடை, ஆம்பேருக்கு அருகில் கையால் செய்த காகிதம் ஆகியவை கிடைக்கின்றன. மண்டலத்தின் தலைநகராக இருந்த கிளேர்மோன்-ஃபெரானிலிருந்து தியேருக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். லெ புய்யும் ஓரியாக்கும் வெவ்வேறு திசைகளில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். பண்ணைகளுக்குப் போவதாக இருந்தால் கார் இல்லாமல் முடியாது.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே மாதத்தின் பின்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மாடுகள் மலை மேய்ச்சலில் இருக்கும். மே இறுதியில் அலான்ஷ் என்னும் ஊரில் மாடுகளுக்குப் பூவும் கொடியும் கட்டி மலையேற்றும் திருவிழா நடைபெறும். மாட்டுப் பொங்கலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. பருப்பு அறுவடை ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செப்டம்பர்தான் நல்ல மாதம்: கூட்டம் குறைந்திருக்கும், புதுப் பருப்பு வந்திருக்கும், அந்தக் கோடையின் சலேர்ஸும் கடைக்கு வந்திருக்கும். பண்ணையில் பால் கறப்பதைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டு, மாலை நேரத்தில் செல்லுங்கள்.

சந்தையில் நிற்பவர் விவசாயியா, வாங்கி விற்பவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேசையைப் பாருங்கள். மலைநாட்டில் ஏப்ரல் மாதத்தில் தக்காளியும் வாழைப்பழமும் எலுமிச்சையும் ஒரே மேசையில் அடுக்கியிருந்தால், அவர் மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவர். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவன்று. நாலைந்து பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் இரண்டு தீர்ந்துபோய் வெறும் கூடையாகக் கிடந்தால் அவர் பெரும்பாலும் விளைவித்தவரே. காய்கறிக்கும் பழத்துக்கும் விளைந்த நாட்டை அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். ‘ப்ரொதுக்தர்’ என்ற சொல் இருந்தால் விளைவிப்பவர் என்று பொருள்.

சந்தை நாள் தவறிவிட்டால் ‘மகஸான் த ப்ரொதுக்தர்’ என்ற பலகையுள்ள கடையைத் தேடலாம். பல விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கடை அது. விற்பனையில் குறைந்தது 70 சதவீதம் அவர்களுடைய சொந்த விளைபொருளாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கல்லாவிலும் அவர்களே முறை வைத்து உட்காருவதுண்டு. தேனைப் பற்றிக் கேட்டால், ‘அதை எடுத்தவர் வியாழக்கிழமை இருப்பார், அவரிடமே கேளுங்கள்’ என்று பதில் வரும்.

லெ புய்யில் சனிக்கிழமை, பெஸ் என்னும் கருங்கல் ஊரில் திங்கட்கிழமை, ஆம்பேரில் வியாழக்கிழமை என்று காலைச் சந்தைகள் கூடுகின்றன. பன்னிரண்டரை மணிக்கு மேல் போனால் மேசைகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

சான்-நெக்தேர் சீஸ் ஒரே பெயரில் இரண்டு விலைக்கு விற்கிறதே, ஏன்?

எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பதில் சீஸின் மேலேயே ஒட்டியிருக்கிறது, திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சான்-நெக்தேர் சுமார் ஒரு சாண் குறுக்களவும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் கொண்ட தட்டையான வட்டு. சாம்பலும் பழுப்பும் கலந்த அதன் தோல், மழைக்காலத்தில் பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் பூத்திருக்கும் பூசணத்தைப் போலவே இருப்பதால், முதல்முறை பார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டதென்று நினைத்துக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தத் தோலில் பால் புரதத்தால் ஆன சிறிய பச்சைப் பட்டை ஒன்று பதிந்திருக்கும். பட்டை நீள்வட்டமாக இருந்தால் ‘ஃபெர்மியே’, அதாவது பண்ணையில் செய்தது; சதுரமாக இருந்தால் ‘லேத்தியே’, அதாவது பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துப் பால் நிலையத்தில் செய்தது. இரண்டுக்கும் ஆ.ஓ.பே. சான்று உண்டு, இரண்டும் அசல்தான். ஆனால் பண்ணைக்காரர் தம்முடைய மந்தையின் பச்சைப் பாலைக் காய்ச்சாமல், காலையும் மாலையும் கறந்த கையோடு உறையவைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் கல்யாணமானாலும் அதில் மாற்றமில்லை. பிறகு குறைந்தது 28 நாள் நிலவறையில் கிடந்து பக்குவப்பட வேண்டும். விலை வித்தியாசம் அந்த உழைப்புக்கானது.

நான் நீள்வட்டப் பட்டையைத்தான் வாங்குவேன். தோலின் மேல் அழுத்திப் பார்த்தால் மெல்ல அமுங்கி மீள வேண்டும். வெட்டிய முகம் பாலேட்டின் நிறத்தில், சிறு துளைகளோடு இருக்க வேண்டும். அழுத்திப் பார்ப்பதைக் கடைக்காரர்தான் செய்வார், நீங்கள் கை வைக்காதீர்கள். இன்றைக்கா, மூன்று நாள் கழித்தா, எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிற கடை நல்ல கடை.

காந்தாலும் சலேர்ஸும் ஒன்றுபோலவே தெரிகின்றன. என்ன வேறுபாடு?

இரண்டும் ஆட்டுக்கல் அளவுக்குப் பெரிய உருளைகள். முழுக் காந்தால் ஒன்று 40 கிலோவை ஒட்டி இருக்கும். காந்தால் ஆண்டு முழுவதும் செய்யப்படுவது. முப்பது முதல் அறுபது நாள் வரை பக்குவப்பட்டது இளசு, மூன்று முதல் ஏழு மாதம் நடுத்தரம், எட்டு மாதத்தைத் தாண்டியது முற்றியது. முற்றியது நாக்கில் சுள்ளென்று ஏறும். ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கு அதுதான் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

சலேர்ஸைப் பண்ணையில் மட்டுமே செய்யலாம். அதுவும் ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை, மாடுகள் புல் மேயும் காலத்தில் மட்டும். கறந்த பாலை ‘ஜெர்ல்’ என்னும் மரத்தொட்டியில் ஊற்றுகிறார்கள். முந்தைய நாள் பாலின் நுண்ணுயிரிகள் அந்த மரத்தின் இழைகளில் தங்கியிருந்து புதுப் பாலைப் புளிக்கவைக்கின்றன. நாம் தயிருக்கு உறை விடுகிற வேலையை அங்கே மரம் செய்கிறது. குறைந்தது மூன்று மாதம் பக்குவப்பட்டாக வேண்டும் என்பதால், ஜூன் மாதத்தில் ‘இந்த ஆண்டு சலேர்ஸ்’ என்று யாராவது நீட்டினால் கணக்கு இடிக்கும். முதல் உருளைகள் ஜூலை நடுவில்தான் வெளிவரும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சலேர்ஸ் என்பது ஓர் ஊரின் பெயர், கொம்பு வளைந்த செம்பழுப்பு மாட்டினத்தின் பெயர், இந்த சீஸின் பெயர், கசப்பான ஒரு மதுவின் பெயரும்கூட. கடையில் வெறுமனே ‘சலேர்ஸ்’ என்று கேட்டால் எது வரும் என்பது கடையைப் பொறுத்தது.

நான் சைவம். இந்த சீஸ்களைச் சாப்பிடலாமா?

பால்தானே என்று நினைத்து வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர். இந்த ஊர் மரபுச் சீஸ்களில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘ப்ரெஸ்யூர்’ என்று பெயர். உறையில் அந்தச் சொல் இருந்தால் விலங்கிலிருந்து பெற்றது என்றே கொள்ளுங்கள். ‘கோஆகுலான்’ என்ற சொல்லோடு ‘வெஜெத்தால்’ அல்லது ‘மிக்ரோபியான்’ என்று இருந்தால் அது செடியிலிருந்தோ நுண்ணுயிரியிலிருந்தோ பெற்றது. சிறு பண்ணைகள் சிலவற்றில் அப்படிச் செய்கிறார்கள். நேரில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். தேன், வெண்ணெய், பழப்பாகு, பருப்பு ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்?

காய்ச்சாத பாலில் செய்த சீஸைக் கர்ப்பிணிகளும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. பண்ணைச் சான்-நெக்தேரும் சலேர்ஸும் எப்போதும் பச்சைப் பாலில் செய்யப்படுபவை. ‘லே க்ரு’ என்ற இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பால் என்று பொருள்.

லெ புய் பச்சைப் பருப்பு நம் ஊரில் கிடைக்கும் பச்சைப்பயறுதானா?

இல்லை. பச்சைப்பயறு வேறு இனம். நம் கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் உடைத்துக் கிடைக்கும் மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது இது. சிறிய தட்டைமணி, கரும்பச்சைத் தோலில் நீலம் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கும். எரிமலை மண்ணில் உரமிடாமல் விளைகிறது. மேற்கிலிருந்து வரும் மழையை மலைத்தொடர் தடுத்துவிட, கோடையில் இறங்கும் வறண்ட காற்றில் மணி அவசரமாக முற்றிவிடுகிறது. அதனால்தான் தோல் மெல்லியதாகவும் மாவுச்சத்து குறைவாகவும் இருக்கிறது என்று விளக்குகிறார்கள். 1996-இல் பிரான்சில் இத்தகைய சான்று பெற்ற முதல் பருப்பு இதுவே.

ஊறவைக்கத் தேவையில்லை, இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். வெந்த பிறகும் மணி மணியாக நிற்கும், குழையாது. ஆகவே சாம்பாருக்கு வாங்கிவிட்டுப் பருப்பு கரையவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். சுண்டலுக்குப் பிறந்த பருப்பு இது: கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவி ஒருமுறை செய்து பாருங்கள். அந்த ஊரில் உப்பிட்ட பன்றி இறைச்சியோடு வேகவைப்பார்கள், உணவகத்தில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வாங்கும்போது ‘லான்தீய் வெர்த்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பச்சைப் பருப்பு என்றுதான் பொருள். அது எங்கே விளைந்ததாகவும் இருக்கலாம். ‘து புய்’ என்ற சொற்களும் ஆ.ஓ.பே. முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

தியேரில் கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தியேர் செங்குத்தான சரிவில் தொங்கும் நகரம். கீழே துரோல் ஆறு பாய்ந்து இறங்குகிறது. அந்த நீர்ச்சக்கரங்களால்தான் பல நூற்றாண்டுகளாக இங்கே சாணைக்கல் சுழன்றது. சாணை பிடிப்பவர்கள் பலகையில் குப்புறப் படுத்து, முகத்துக்கு நேர் கீழே சுழலும் கல்லில் அலகைத் தீட்டுவார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேற்றால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிற்றுக்காரர்கள்’ என்று பெயர். குளிருக்கு இதமாக ஒரு நாய் அவர்களுடைய கால்களின் மேல் படுத்துக்கொள்ளும். கத்தி அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், விலை அட்டையைப் பார்க்கும் கண் கொஞ்சம் மாறியிருக்கும்.

பிரான்சில் செய்யப்படும் கத்திகளில் பெரும்பகுதி இந்த நகரத்தையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தது. 1990-களில் உள்ளூர்க் கத்திக் கலைஞர்கள் ஒன்றுகூடி ‘லெ தியேர்’ என்ற வளைவு நெளிவான வடிவத்தை உருவாக்கினார்கள். வட்டாரத்துக்குள்ளேயே முழுவதும் செய்யும் உறுப்பினர்கள் மட்டும்தான் அந்தப் பெயரை அலகில் பொறிக்கலாம். பக்கத்தில் செய்தவருடைய முத்திரையும் இருக்கும். இந்த இரண்டையும் பாருங்கள். பிறகு கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள்: அலகு இடம் வலமாக ஆடக் கூடாது, மூடிய நிலையில் நட்டநடுவில் படுத்திருக்க வேண்டும், பிடியில் மரமும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் இடறக் கூடாது. என் முதல் கத்தியை இந்த நகச் சோதனை தெரியாமல் வாங்கினேன்; ஒரே குளிர்காலத்தில் பிடி விரிந்துவிட்டது.

பரிசாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே காசு கேட்கச் சொல்வார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பரிசைப் பெறுபவர் பதிலுக்கு ஒரு செப்புக் காசாவது கொடுக்க வேண்டும். ஊசியைக் கையோடு கை கொடுக்காத நம் பாட்டிமார்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை: பிரான்சில் தக்க காரணமின்றிக் கத்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுவது குற்றம். வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு பையின் அடியில் வையுங்கள்.

தேனீ முத்திரை உள்ள ‘லாயோல்’ கத்தி அசலா?

லாயோல் என்பது தெற்கே அவேரோன் மாவட்டத்து ஊரின் பெயர். அதே வடிவக் கத்திகளைத் தியேரிலும் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். மலிவான இறக்குமதிகளிலும் அந்தப் பெயரும் தேனீயும் பொறிக்கப்பட்டுள்ளதால், அவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பட்டறை, எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் சொல்லாமல் ‘பிரெஞ்சுத் தரம்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

லெ புய் லேஸ் உண்மையிலேயே கையால் பின்னியதா?

சில துண்டுகள் ஆம், பல துண்டுகள் இல்லை. தேவாலயத்துக்கு ஏறும் தெருவில் தொங்கும் மேசை விரிப்புகளில் இயந்திரத்தில் நெய்தவையும் வெளிநாட்டிலிருந்து வந்தவையும் கலந்தே இருக்கின்றன. கைவேலைக்கு ‘ஃபே மான்’ என்ற குறிப்போடு விலையும் சாட்சி சொல்லும்: உள்ளங்கை அகலத் துண்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும் வேலை, விரிப்பு அளவில் மலிவாகக் கிடைக்க வழியில்லை.

வாசலில் ஓர் அம்மையார் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தால் நின்று பாருங்கள். மடியில் ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாக. குறுக்கே போடு, திருகு, ஊசி குத்து. குச்சிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் பல்லாங்குழிச் சோழிகளைக் கையில் குலுக்குவது போலிருக்கும். 1640-ஐ ஒட்டிய காலத்தில் ஆடையில் லேஸ் அணிவதற்குத் தடை வந்தபோது, வேலையிழந்த பெண்களுக்காக வாதாடியவர் என்று பாதிரியார் ஜான்-ஃபிரான்சுவா ரெஜியை இன்றும் லேஸ் பின்னுவோரின் காவலராக வணங்குகிறார்கள். 1976-இல் அரசு இங்கே தேசிய லேஸ் பட்டறையை நிறுவியது. பின்னக் கற்றுக்கொடுக்கும் மையமும் நகரில் உண்டு. பெரிய விரிப்பை விட, கைவேலையான சிறு புத்தகக் குறி ஒன்றை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

வேறு கைவினைப் பொருள்கள்?

ஓரியாக் குடைகள் கனமானவை, ஆனால் பழுது பார்க்கக்கூடியவை. ஆம்பேர் அருகே உள்ள ரிஷார் த பா ஆலையில் துணிக்கூழிலிருந்து தாள் தாளாகக் காகிதம் எடுக்கிறார்கள். பூவிதழ்கள் பதித்த தாள்களை வாழ்த்து மடலுக்கு வாங்கலாம். வால்விக் எரிமலைக்கல்லில் வண்ணப் பூச்சிட்டுச் சூளையில் சுட்ட வீட்டு எண் பலகைகள் வெயிலிலும் பனியிலும் நிறம் மங்காதவை. எடையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேரம் பேசலாமா?

கூடாது. உணவுச் சந்தையில் விலை விலைதான். குறைத்துக் கேட்டால் உழைப்பைக் குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். முதலில் ‘போன்ழூர்’ சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பது முகத்திலடித்தாற்போல் இருக்கும். வரிசையில் நில்லுங்கள், பழத்தைத் தொடாதீர்கள். சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், கத்தி நுனியில் ஒரு சீவல் நீட்டுவார்கள். பண்ணைகளில் அட்டை செல்லாமல் போகலாம், சில்லறையோடு போங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் 2016 முதல் தடை செய்யப்பட்டுவிட்டதால் துணிப்பையும் வேண்டும்.

ஊருக்கு எடுத்துப் போவதில் என்ன சிக்கல்கள்?

கத்தியை விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். மென்மையான சீஸையும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதையும் பெட்டியிலேயே வையுங்கள். கடையில் ‘சூ வீத்’ என்று கேட்டால் காற்றை உறிஞ்சி உறையிட்டுத் தருவார்கள். லண்டனுக்குத் திரும்புவோர் கவனிக்க வேண்டியது: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுவருவதற்கு 2025 ஏப்ரல் 12 முதல் தடை வந்தது, புறப்படுமுன் அப்போதைய விதியைப் பாருங்கள். இந்தியாவுக்குப் போவோர், முழுப் பருப்பு முளைக்கக்கூடிய விதை என்பதை மறக்காமல், தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் ‘தேதாக்ஸ்’ என்னும் வரித் திருப்பத்தைக் கேட்கலாம். பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். படிவத்தை விமான நிலையத்து இயந்திரத்தில் புறப்படுமுன் பதிய வேண்டும். தருவது கடையின் விருப்பம் என்பதால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சந்தையில் சீஸ் விற்பவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

வாங்கிய சீஸை வீட்டில் எப்படி வைப்பது?

கடையில் சுற்றித் தந்த தாளிலேயே, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் தோல் வியர்த்துக் கசந்துவிடும். பயணத்துக்காகக் காற்று உறிஞ்சிக் கட்டியதையும் வீடு சேர்ந்ததும் பிரித்துத் தாளுக்கு மாற்றுங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும். சான்-நெக்தேரின் அந்தச் சாம்பல் தோலைச் சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம். மண்வாசனை பிடிக்காதவர்கள் சீவிவிடலாம். விருந்தினர் வரும் நாளாக இருந்தால், அவர்கள் உள்ளே வருவதற்குள் சன்னலைச் சற்று நேரம் திறந்து வையுங்கள்.